கன்சோல் கேபிளை ஒரே வரியில் கடந்துவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு அலுவலகங்களில் நெட்வொர்க் அமைப்பது பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரை, ஸ்விட்ச்சின் (பல கணினிகளை ஒரே நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) கன்சோல் இணைப்புக்கு, அதாவது லேப்டாப்பை நேரடியாக மாட்டிக் கட்டளை கொடுக்கும் வழிக்கு, ஒதுக்கியது ஒரே வாக்கியம்தான்: கேபிளைச் செருகி, வேகத்தை 9600 என்று கொடுத்தால் திரை வந்துவிடும். வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் என்ன செய்வது என்று சொல்லவில்லையே! அதைவிட, ஸ்விட்ச்சை முதலில் நெட்வொர்க்கில் மாட்டிவிட்டு அப்புறம் பிரவுசரில் அமைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை மறுக்காமல் இருக்க முடியவில்லை. ஏற்கெனவே எங்கோ ஓடிய பழைய ஸ்விட்ச்சுக்கு அது ஆபத்தான யோசனை. எல்லாவற்றையும் கன்சோலில் முடித்த பிறகே நெட்வொர்க் கேபிளைத் தொட வேண்டும். ஏன், எப்படி என்று விளக்குவதால் கடிதம் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேபிள். கன்சோல் போர்ட் பார்ப்பதற்கு மற்ற நெட்வொர்க் போர்ட்டுகளைப் போலவே இருக்கும். அதே ஆர்ஜே-45 வாய்தான். ஆனால் உள்ளே ஓடுவது ஈத்தர்நெட் இல்லை, ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் முறை. சாதாரண நெட்வொர்க் கேபிளால் லேப்டாப்பையும் கன்சோல் போர்ட்டையும் இணைத்துவிட்டு விளக்கு எரியவில்லையே என்று காத்திருப்பவர்கள் உண்டு. எத்தனை நேரம் காத்திருந்தாலும் எரியாது. இதற்கான கேபிளை ரோல்ஓவர் என்பார்கள். பெரும்பாலும் வெளிர் நீலத்தில் தட்டையாக வரும். ஆனால் நிறத்தை நம்ப வேண்டாம். இரண்டு முனைகளையும் அருகருகே, கிளிப் ஒரே பக்கம் இருக்கும்படி பிடித்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வழியே எட்டு கம்பிகளின் நிறத்தையும் இடமிருந்து வலமாகப் படியுங்கள். ஒரு முனையில் முதலில் நிற்கும் நிறம் மறுமுனையில் கடைசியில் நின்றால், அதாவது 1 எட்டுக்கும் 2 ஏழுக்கும் போனால், அது ரோல்ஓவர். இரண்டிலும் ஒரே வரிசை என்றால் அது சாதாரண நெட்வொர்க் கேபிள்.

சிஸ்கோ நிறுவன ஸ்விட்ச்சின் கன்சோல் போர்ட்டில் 3ஆம் பின் ஸ்விட்ச் பேசுவது, 6ஆம் பின் அது கேட்பது, நடுவில் 4, 5 இரண்டும் தரை. கேபிள் தலைகீழாக ஓடுவதால் ஒருவர் பேசும் கம்பி மற்றவர் கேட்கும் கம்பியாகிவிடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். வேறு பல நிறுவனங்களும் இதே பின் வரிசையைப் பின்பற்றுகின்றன. எல்லோரும் அல்ல, ஒரு தயாரிப்புக்கு வந்த கேபிள் இன்னொன்றில் ஊமையாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போதைய லேப்டாப்புகளில் ஒன்பது பின் சீரியல் போர்ட் கிடையாது. ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை ஆர்ஜே-45 என்று வரும் கேபிள்தான் வழி. யூஎஸ்பி தலைக்குள் ஒரு மாற்றுச் சிப் இருக்கிறது. பாதித் தொல்லை அங்கேதான். எஃப்டிடிஐ, புரோலிஃபிக் என்ற இரண்டு நிறுவனங்களின் சிப்புகள் பரவலாக இருப்பதால் அவற்றின் போலிகளும் பரவலாக இருக்கின்றன. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கி அவற்றைச் செயலிழக்கச் செய்தது. புரோலிஃபிக்கின் புதிய டிரைவரோ பழைய சிப்பையும் போலியையும் ஏற்காமல் டிவைஸ் மேனேஜரில் ‘கோட் 10’ என்று மஞ்சள் முக்கோணம் காட்டும். கேபிள் நேற்று வரை வேலை செய்தது, இன்று இல்லை என்றால் ஸ்விட்ச்சைத் திட்டுவதற்கு முன் அங்கே பாருங்கள்.

கேபிளா, ஸ்விட்ச்சா என்று சந்தேகம் வந்தால் தீர்க்க ஒரு நிமிடம் போதும். கேபிளின் ஆர்ஜே-45 முனையை ஸ்விட்ச்சிலிருந்து எடுத்துவிட்டு, அதன் 3ஆம் 6ஆம் பின்களை மட்டும் மெல்லிய கம்பியால் தொடுத்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். ஒன்பது பின் அடாப்டர் என்றால் 2, 3. தட்டியது திரையில் திரும்பி வந்தால் லேப்டாப், டிரைவர், கேபிள் மூன்றும் சரி. வராவிட்டால் கோளாறு இந்தப் பக்கத்தில்தான். இன்னொன்று: நான்கு தனித்தனி வண்ணக் கம்பிகளோடு வரும் 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் கேபிள் சிறு எலக்ட்ரானிக் பலகைகளுக்கானது. ஆர்எஸ்-232 மைனஸிலும் பிளஸ்ஸிலும் 3 முதல் 15 வோல்ட் வரை ஊசலாடுவது. இரண்டையும் குழப்பினால் சிப் போய்விடும்.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கேபிளைச் செருகும்போது எந்த காம் எண் புதிதாகத் தோன்றுகிறது என்று பாருங்கள். காம் 3 என்று வைத்துக்கொள்வோம். அதே கேபிளை வேறு யூஎஸ்பி வாயில் செருகினால் காம் 5 ஆகலாம். லினக்ஸில் பெரும்பாலும் டிடிஒய்-யூஎஸ்பி-0 என்று வரும். அனுமதி மறுக்கப்பட்டால், பல லினக்ஸ் வகைகளில் உங்கள் பயனர் பெயர் ‘டயல்அவுட்’ குழுவில் இல்லை என்று பொருள். பிறகு புட்டி, டெரா டெர்ம், ஸ்க்ரீன் என்று பழகிய எந்த டெர்மினல் மென்பொருளையும் (கன்சோலோடு எழுத்தில் பேசுவது) திறக்கலாம்.

டெர்மினலில் கொடுக்க வேண்டியவை: வேகம் (நொடிக்கு பிட்) 9600, 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் (மறுமுனை தயாராகும் வரை அனுப்பாமல் நிறுத்தி வைக்கும் முறை) இல்லை. சிஸ்கோ, ஜூனிப்பர், அரிஸ்டா ஆகியவற்றுக்கு இது பொருந்தும். அருபா சிஎக்ஸ் வரிசைக்கும் மைக்ரோடிக்குக்கும் 115200. ஆகவே ‘9600 கொடுத்தால் திரை வந்துவிடும்’ என்பது பாதி உண்மைதான். கட்டுரை சொல்லாமல் விட்ட இன்னொன்று ஃப்ளோ கன்ட்ரோல். புட்டி திறந்தவுடன் அது ‘எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப்’ என்று இருக்கும். ‘நன்’ என்று மாற்றிவிடுங்கள்.

இனி கோளாறுகள். திரை என்ன காட்டுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். முழுக்கக் கறுப்பாக இருந்தால் முதலில் என்டரை இரண்டு முறை தட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்ச் தானாகப் பேசாது. அப்புறமும் அசைவில்லை என்றால் காம் எண் தவறு, அல்லது கேபிளைச் செருகியிருப்பது பக்கத்திலிருக்கும் மேனேஜ்மென்ட் போர்ட்டில் (நிர்வாகத்துக்கான ஈத்தர்நெட் வாய்). அதுவும் ஆர்ஜே-45தான், கன்சோலுக்கு ஒட்டியே இருக்கும், பின்புறம் இருட்டில் கைக்கு முதலில் படுவதும் அதுதான். கேள்விக்குறியும் கட்டங்களும் சிதறிய எழுத்துகளுமாக வந்தால் கேபிள் நன்றாக இருக்கிறது, வேகம் மட்டும் தவறு. 9600, 19200, 38400, 57600, 115200 என்று ஒவ்வொன்றாக மாற்றி என்டர் தட்டிப் பாருங்கள்.

எழுத்து தெளிவாக வருகிறது, ஆனால் நாம் தட்டுவது எதுவும் ஏறவில்லை. அதிகம் குழப்புவது இதுதான். காரணம் இரண்டில் ஒன்று. டெர்மினலில் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் இயங்கிக்கொண்டிருக்கும். எதிர்முனையின் அனுமதிக் குறிக்காக அது காத்துக்கொண்டே இருக்கும். அல்லது அதே ஸ்விட்ச்சின் மினி யூஎஸ்பி கன்சோலில் யாரோ ஏற்கெனவே கேபிளை மாட்டி வைத்திருப்பார்கள். இரண்டு கன்சோலும் உள்ள சிஸ்கோ ஸ்விட்ச்சுகளில் வெளியீடு இரண்டு பக்கமும் போகும், உள்ளீட்டை ஒரு பக்கத்தில்தான் ஏற்கும், முன்னுரிமை யூஎஸ்பிக்கு. அந்த வயரைப் பிடுங்கினால் ஆர்ஜே-45 உயிர் பெறும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த திரை திடீரென்று உறைந்தால், கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்ந்து அழுந்தியிருக்கலாம். கன்ட்ரோல்-க்யூ தட்டினால் அவிழும்.

ஸ்விட்ச்சுக்குக் கரன்ட் கொடுப்பதற்கு முன்பே டெர்மினலைத் திறந்து, லாக் பதிவையும் இயக்கிவிடுவது நல்ல பழக்கம். மாடல் எண், சீரியல் எண், ஐஓஎஸ் (சிஸ்கோவின் இயக்க மென்பொருள்) பதிப்பு, சுயபரிசோதனையில் எந்த போர்ட் தோற்றது என்பதெல்லாம் துவங்கும்போது ஓடிப் போய்விடும். சிஸ்கோவில் எல்லாம் முடிந்து, ஆரம்ப அமைப்பு உரையாடலுக்குள் போகலாமா என்று கேட்கும். ‘நோ’ என்று தட்டுங்கள். அந்த உரையாடல் கேட்கும் கேள்விகள் குறைவு. கையால் செய்தால்தான் என்ன செய்தோம் என்பது தெரியும்.

பழைய ஸ்விட்ச் என்றால் இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும். சேமித்த அமைப்பை அழிக்கும் ‘ரைட் எரேஸ்’ போட்டால் எல்லாம் போய்விட்டது என்ற நினைப்பு தவறு. விலான் (ஒரே ஸ்விட்ச்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் முறை) பட்டியல், ஸ்டார்ட்அப் கான்ஃபிக் என்ற அந்தச் சேமித்த அமைப்பில் மட்டும் இருப்பதில்லை. ஃப்ளாஷில் ‘விலான் டாட்’ என்ற தனிக் கோப்பாக உட்கார்ந்திருக்கும். அதையும் ‘டெலீட்’ செய்ய வேண்டும். அடுத்து மறுதொடக்கத்துக்கு ‘ரீலோட்’ என்றதும், மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டால் ‘நோ’. பழக்கத்தில் ‘யெஸ்’ தட்டிவிட்டால், நினைவகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய அமைப்பு மறுபடி எழுதப்பட்டு, அழித்ததெல்லாம் வீண்.

அந்தக் கோப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? விடிபி என்ற வசதி ஒரு ஸ்விட்ச்சின் விலான் பட்டியலை டிரங்க் இணைப்பு (பல விலான்களையும் சுமந்து ஸ்விட்ச்சுகளை இணைப்பது) வழியாக மற்ற ஸ்விட்ச்சுகளுக்குப் பரப்புகிறது. எந்தப் பட்டியல் புதியது என்று அது தேதியைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை, பட்டியல் மாறும்போதெல்லாம் ஏறும் திருத்த எண்ணைப் பார்க்கிறது. விடிபி டொமைன் பெயரும் பாஸ்வேர்டும் பொருந்தி, மூலையில் கிடந்த ஸ்விட்ச்சின் திருத்த எண் 57 என்றும் ஓடும் நெட்வொர்க்கின் எண் 40 என்றும் இருந்தால், கிடந்ததன் பட்டியலே எல்லா ஸ்விட்ச்சுக்கும் ஏறும். அதில் இல்லாத விலான்கள் அழியும். அவற்றில் இருந்த போர்ட்டுகள் அத்தனையும் செத்துவிடும். மாட்டிய ஸ்விட்ச், பட்டியலைத் தானே மாற்ற முடியாத ‘க்ளையன்ட்’ நிலையில் இருந்தாலும் இதே கதி. விடிபி 1, 2 பதிப்புகளுக்கு இது பொருந்தும். 3இல் முதன்மைச் சர்வர் என்று ஒன்றை அறிவித்தாக வேண்டும் என்பதால் இந்த விபத்து தடுக்கப்பட்டது. ‘ஷோ விடிபி ஸ்டேட்டஸ்’ போட்டு எண்ணைப் பாருங்கள். ‘விடிபி மோட் டிரான்ஸ்பேரன்ட்’ (பிறர் பட்டியலை ஏற்காத நிலை) என்று மாற்றினால் எண் பூஜ்யத்துக்குத் திரும்பும். சிறு நெட்வொர்க்குக்கு அப்படியே விட்டுவிடுவதுதான் என் பரிந்துரை. முதலில் மாட்டிவிட்டு அப்புறம் அமைத்துக்கொள்ளலாம் என்பதை மறுப்பதற்கு இது ஒன்றே போதும்.

இணைப்புகள் வட்டமாகச் சுற்றாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயும் இப்படித்தான். எல்லா ஸ்விட்ச்சிலும் முன்னுரிமை எண் 32768 என்று தொடாமல் விட்டிருந்தால், குறைந்த மேக் முகவரி (தயாரிக்கும்போதே பதித்த எண்) உள்ளதே ரூட், அதாவது மையம், ஆகும். பழைய ஸ்விட்ச்சுக்குத்தான் பெரும்பாலும் குறைந்த மேக். நெட்வொர்க்கிலேயே மெதுவான பெட்டி நடுநாயகமாகிவிடும். ரூட்டாக இருக்க வேண்டியதன் எண்ணை முன்கூட்டியே குறைத்து வையுங்கள்.

சிஸ்கோ கட்டளைகளுக்கு வருவோம். ‘எனேபிள்’ தட்டியதும் வரியின் கடைசியில் இருக்கும் கோணக் குறி ஹேஷ் குறியாக மாறும். ‘கான்ஃபிகர் டெர்மினல்’ போனவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம் ‘நோ ஐபி டொமைன் லுக்அப்’. இல்லாவிட்டால் எழுத்துப்பிழையோடு தட்டிய ஒவ்வொரு சொல்லையும் ஏதோ கம்ப்யூட்டரின் பெயர் என்று எண்ணி ஸ்விட்ச் தேடப் போய்விடும், திரை அதுவரை நிற்கும். மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தி வெளியே வரலாம். கன்சோல் லைனில் ‘லாகிங் சிங்க்ரனஸ்’ போட்டுவிட்டால், பாதி தட்டிய கட்டளையின் நடுவே லாக் செய்தி வந்து விழுந்தாலும் தட்டியது கீழே மறுபடி வரும்.

பாஸ்வேர்டுக்கு ‘எனேபிள் சீக்ரெட்’. ‘எனேபிள் பாஸ்வேர்டு’ கூடாது. ‘சர்வீஸ் பாஸ்வேர்டு என்க்ரிப்ஷன்’ கொடுத்தாலும் அந்த 7ஆம் வகை மறைப்பை யாரும் நொடியில் திருப்பிவிடலாம். பயனர் பெயரை உருவாக்கிய பிறகே கன்சோலிலும் விடிஒய் லைன்களிலும் (நெட்வொர்க் வழியாக உள்ளே வரும் வாசல்கள்) ‘லாகின் லோக்கல்’ கொடுங்கள். வரிசை மாறி, இடையில் சேமித்து வெளியேறியும் விட்டால், இல்லாத பயனரைக் கேட்டுக்கொண்டு கதவு மூடிக்கொள்ளும். விடிஒய் லைன்கள் 0 முதல் 15 வரை பதினாறு. 0 முதல் 4 வரை மட்டும் பூட்டிவிட்டு மீதிப் பதினொன்றை மறப்பது அன்றாடம் காணும் தவறு.

எஸ்எஸ்ஹெச் (மறைகுறியாக்கிய தொலை இணைப்பு) சாவியை உருவாக்குவதற்கு முன் ஹோஸ்ட்நேமும் டொமைன் பெயரும் கொடுத்திருக்க வேண்டும்; சாவியின் பெயரே அவற்றிலிருந்துதான் உண்டாகிறது. நீளம் 2048 என்று கொடுங்கள். பழைய ஐஓஎஸ் தானாக 512 என்று காட்டும். 768க்குக் குறைந்தால் எஸ்எஸ்ஹெச் 2ஆம் பதிப்பு இயங்காது. பிறகு ‘டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்ஹெச்’ என்றால் மறைப்பே இல்லாத டெல்நெட் கதவு அடைபடும். கூடவே ‘நோ விஸ்டாக்’. அது மூடுவது, புதிய ஸ்விட்ச்சைத் தொலைவிலிருந்து அமைக்கும் ஸ்மார்ட் இன்ஸ்டால் என்ற வசதியை. அந்த வசதி, அதை ஆதரிக்கும் பல சிஸ்கோ ஸ்விட்ச்சுகளில் தானாகவே திறந்திருந்தது. 4786 என்ற டிசிபி போர்ட்டில், பாஸ்வேர்டு கேட்காமல். 2018 ஏப்ரலில் அதன் வழியாகப் பல நாடுகளில் ஸ்விட்ச்சுகளின் அமைப்பு அழிக்கப்பட்டது. அந்த ஸ்விட்ச்சுகளைக் கன்சோல் கேபிளோடு போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

நிர்வாக ஐபியை விலான் இன்டர்ஃபேஸில் கொடுத்து ‘நோ ஷட்டவுன்’ போட்ட பிறகும் அது ‘டவுன்’ என்றே காட்டினால் பதற வேண்டாம். அந்த விலான் உருவாக்கப்பட்டு, அதில் ஒரு போர்ட்டாவது உயிரோடு இருந்தால்தான் இன்டர்ஃபேஸ் எழும். எந்த நெட்வொர்க் கேபிளும் மாட்டாத நிலையில் அது டவுனாக இருப்பதுதான் சரி. பிற நெட்வொர்க்குகளுக்கான வாசலாகிய கேட்வேக்கு ‘ஐபி டிஃபால்ட் கேட்வே’. ஆனால் ஸ்விட்ச்சில் ‘ஐபி ரௌட்டிங்’ (நெட்வொர்க்குகளுக்கிடையே வழி காட்டும் வேலை) இயங்கினால் அந்த வரி கணக்கில் வராது. பூஜ்யங்களால் ஆன ‘ஐபி ரூட்’ வரி வேண்டும். வரி எழுதியிருக்கிறது, பக்கத்து நெட்வொர்க்கிலிருந்து பிங் வரவில்லை என்று மணிக்கணக்கில் தேடுபவர்களுக்கு இது உதவும்.

எழுதி வைத்த அமைப்பை மொத்தமாக ஒட்டுவதாக இருந்தால் கவனம். கன்சோலில் ஃப்ளோ கன்ட்ரோல் இல்லாததால், ஸ்விட்ச் ஒரு வரியைச் செரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரிகள் வந்து குவிந்து எழுத்துகள் உதிரும். ஒரு ஐபி முகவரியில் ஒரே ஒரு இலக்கம் உதிர்ந்தாலும் கட்டளை செல்லுபடியாகிவிடலாம், பிழைச்செய்தியே வராது. டெரா டெர்மில் வரிக்கு 100 மில்லிசெகண்ட் தாமதம் வைக்கும் வசதி இருக்கிறது, புட்டியில் இல்லை. புட்டியில் இருபது வரிகளாகப் பிரித்து ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பிறகு, ஓடும் அமைப்பைக் காட்டும் ‘ஷோ ரன்’ பாருங்கள்.

ஐஓஎஸ் கோப்பே கெட்டுப்போய் பூட் லோடரில் (ஐஓஎஸ்ஸை எழுப்பும் சிறு நிரல்) நின்றுவிட்டால், கன்சோல் வழியாக எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறையில் ஏற்றலாம். ஆனால் கணக்குப் போட்டுவிட்டு உட்காருங்கள். ஒரு எழுத்துக்குத் துவக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்து 10 பிட் என்பதால் 9600 வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துதான். 20 மெகாபைட் கோப்புக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பூட் லோடரில் ‘செட் பாட் 115200’ என்று கொடுத்து, டெர்மினலிலும் அதே வேகத்துக்கு மாறினால் அரை மணிக்குச் சற்றுக் கூடுதல். முடிந்ததும் 9600க்குத் திருப்பி வைக்க மறந்துவிட்டால், அடுத்து வருபவர் மேலே சொன்ன சிதறிய எழுத்துகளைப் பார்ப்பார்.

‘காப்பி ரன்னிங் கான்ஃபிக் ஸ்டார்ட்அப் கான்ஃபிக்’ போட்டுச் சேமித்து, ஒருமுறை ரீலோட் செய்து, எல்லாம் அப்படியே எழுந்து வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நெட்வொர்க் கேபிள்.

கேபிளைக் கழற்றும் முன் ‘எக்ஸிட்’. இதை அழுத்திச் சொல்கிறேன். பொதுவாகக் கன்சோலில் வயரைப் பிடுங்கினாலும் ஸ்விட்ச்சுக்குத் தெரியாது. செஷன் திறந்தபடியே இருக்கும். வழக்கமான அமைப்பில் பத்து நிமிடம் சும்மா இருந்தால் தானாக மூடும். அது தொந்தரவு என்று ‘எக்ஸெக் டைம்அவுட் 0 0’ போட்டவர்களின் ஸ்விட்ச்சில், வாரங்கள் கழித்து யார் வந்து கேபிளைச் செருகினாலும் பாஸ்வேர்டு கேட்காமல் ஹேஷ் குறியே வரவேற்கும். அந்த வரியைத் தயவுசெய்து யாருக்கும் பரிந்துரைக்காதீர்கள்.

ரேக்கில் யூபிஎஸ் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. சில ஏபிசி யூபிஎஸ்களின் ஒன்பது பின் சீரியல் போர்ட்டுக்குப் பின் வரிசை வேறு. பொதுவான சீரியல் கேபிளைச் செருகியவுடன் யூபிஎஸ் அணைந்து, அதை நம்பியிருக்கும் அத்தனையும் இருண்டுவிடும். பின்புறம் கையை விட்டுத் தடவிச் செருகும் பழக்கம் வேண்டாம்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியது. வழக்கமான பாதையும், அது போனால் உதவ வேண்டிய தனி நிர்வாகப் பாதையும் சேர்ந்தே அறுந்ததால், பொறியாளர்களை டேட்டா சென்டருக்கு நேரில் அனுப்ப வேண்டியிருந்தது என்று அந்நிறுவனமே எழுதியது. மூன்று ஸ்விட்ச் உள்ள அலுவலகத்துக்கும் அந்த நாள் வரும். அன்றைக்குக் கேபிளைத் தேடி அலையக் கூடாது. வேலை செய்வதாகச் சோதித்த ஒரு கன்சோல் கேபிளை ரேக்கிலேயே கட்டி வைத்து, அதன் மேல் ஒரு சீட்டில் அந்த ஸ்விட்ச்சின் வேகத்தையும் எந்த வாயில் செருகுவது என்பதையும் எழுதி ஒட்டலாம். பாஸ்வேர்டை அந்தச் சீட்டில் எழுத வேண்டாம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும்போது ரோல்ஓவர் கேபிளின் பின் வரிசையை ஒரு சிறு படமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘முதலில் மாட்டிவிட்டு அப்புறம் அமைத்துக்கொள்ளலாம்’ என்ற வரிக்கு ஒரு திருத்தமும் அதே பக்கத்தில் வர வேண்டும். அதைப் படித்துவிட்டுப் பழைய ஸ்விட்ச்சைத் தூசி தட்டி எடுத்து வைத்திருப்பவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்புப் பணியில் இருக்கும் ஒரு வாசகர்